உடையும் உத்தியோகமும்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆடைப் பாதியைப் பற்றிக் கவலைப்படுவோர் பலர். ஆள் பாதியை மறந்துவிடுகின்றனர். இதனால் நம் அங்கத்தினர் குடும்பங்களுக்கு நேரும் நஷ்டத்தைப் பற்றி இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998 ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பின்னர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் தொழிற்சாலைகள் பெருகின. நெசவாளர், விவசாயிகள் இல்லத்துப் பிள்ளைகள் பலரும் அங்கே வேலைக்குச் செல்கின்றனர்.

நான் ஆய்வுக்குச் சென்ற சங்கம் ஒன்றின் அங்கத்தினர், தம் மகனின் நேர்முகத் தேர்வுக்காக வெளியில் வட்டிக்குக் கடன் வாங்கினார். கோட்டும், டையும், விலையுயர்ந்த காலணியும் வாங்கப்பட்டன. தேர்வில் பையனிடம் கேட்கப்பட்டவை தொழிற்பயிற்சி நிலையத்தில் அவன் கற்ற வேலையைப் பற்றிய கேள்விகளே. வேலை கிடைத்தது. முதல் நாளே தொழிற்சாலை சீருடை வழங்கியது. கோட்டு பெட்டிக்குள் சென்றது. வட்டி மட்டும் வெளியே வளர்ந்தது.

சீருடை ஏன் என்பதையும் அறிதல் நலம். தொங்கும் துணியும் தளர்ந்த கையும் சுழலும் இயந்திரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. ஓடும் இயந்திரத்தைப் பரிசோதிக்கும் தொழிலாளி உடலோடு ஒட்டிய உடை அணிய வேண்டும். அவ்வுடையை ஆலையை நடத்துபவரே வழங்க வேண்டும் என்று 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. ஆகவே அங்கே உடை அலங்காரமன்று, தொழிற்கருவிகளுள் ஒன்று. எல்லோரும் ஒரே சீருடையில் நிற்கும் இடத்தில் ஒருவனை உயர்த்துவது அவனுடைய கைத்திறனும், நேரந்தவறாமையுமே.

அலுவலகங்களில் நிலை சற்று வேறு. ஆயினும் அங்கும் நம் உடைக்கு இடமுண்டு. 2014 ஆம் ஆண்டு ஜூலையில், வேட்டி அணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அவர்களுக்குச் சென்னையில் கிரிக்கெட் சங்க மன்றம் ஒன்றில் அனுமதி மறுக்கப்பட்டது. அடுத்த மாதமே, பொது இடங்களில் வேட்டியைக் காரணம் காட்டி நுழைவைத் தடுப்பதற்கு எதிராகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. மீறினால் ஓராண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2019 ஆம் ஆண்டு அரசு ஊழியர் உடை பற்றிப் பிறந்த ஆணையும் ஆண்களுக்குச் சட்டையுடன் கால்சட்டை அல்லது வேட்டியை அனுமதித்தது.

என் அனுபவத்தையும் கூற விரும்புகிறேன். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், பளபளக்கும் சட்டையும் பூட்ஸும் எனக்கு மரியாதையைத் தேடித்தரும் என எண்ணினேன். நெசவாளர் சங்கம் ஒன்றில் நான் கேட்ட கேள்விகளுக்கு ஓரிரு சொற்களே விடையாக வந்தன. நூல் இருப்புப் பதிவேட்டில் நானே தடுமாறினேன்; உடை எனக்கு உதவவில்லை. அடுத்த முறை கணக்கை நன்கு படித்துக்கொண்டு, கைத்தறிச் சட்டையில் சென்றேன். முதிய நெசவாளர் ஒருவர் என் சட்டைக் கையைத் தொட்டுப் பார்த்து, "அறுபதாம் நம்பர் நூல், ஊடை கொஞ்சம் தளர்வு" என்றார். அன்று மாலைவரை பேச்சு நிற்கவில்லை. தைரியத்தைத் தந்தது நான் படித்துச் சென்ற கணக்கு. பேச்சுக்கு வழி திறந்தது சட்டை.

ஆதலின் அங்கத்தினர்கள் பின்வருவனவற்றை நினைவில் கொள்ளல் வேண்டும்:

1. தேர்வுக்குச் செல்லும் உடை துவைத்து, தேய்த்து, அளவாக இருந்தால் போதும்.

2. தேர்வு நாளுக்கு முன்பே அதை ஒருமுறை அணிந்து, அமர்ந்தும் நடந்தும் பார்க்க வேண்டும். இறுக்கும் உடை மனத்தையும் இறுக்கும்.

3. சீருடை உண்டா என்று முன்னரே விசாரிக்க வேண்டும்.

4. உடைக்காகக் கடன் வாங்கலாகாது. அப்பணம் இருப்பின் பயிற்சிக்குச் செலவிடுக.

5. வாங்கத்தான் வேண்டுமெனில், நம் சங்கத்துக் கைத்தறித் துணியையே வாங்குக. அணிபவனுக்குக் கௌரவமும், தறிக்கு வேலையும் ஒருங்கே கிட்டும்.