நூற்றுக்கு எத்தனை பேர்?



தேர்தல் வந்தால் நமக்கு விடுமுறை. நாம் அமரும் பெஞ்சுகள் சுவரோரம் ஒதுங்க, வகுப்பறை வாக்குச் சாவடியாகிவிடும். 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் நம் திருவண்ணாமலைத் தொகுதியில் நூற்றுக்கு 74 பேர் வாக்களித்தனர். அதே நாளில் மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 54 பேர்தான். கல்லூரிகளும் அலுவலகங்களும் நிறைந்த தலைநகரில் ஏன் இப்படி? சமூக அறிவியல் வகுப்பில் இக்கேள்வி எழுந்தபோது, "பட்டணத்தார் சோம்பேறிகள்" என்று நாங்கள் ஒரே குரலில் விடையளித்தோம். சிஸ்டர் சிரித்துவிட்டு, பேட்டை பேட்டையாகக் கணக்கைப் பார்த்து வரச் சொன்னார்கள்.

பார்த்தபோது வியப்பாக இருந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் தருமபுரி மாவட்டத்துப் பாலக்கோட்டில் நூற்றுக்கு 87 பேர் வாக்களித்தனர். சென்னையில் மிகுதியாக வாக்களித்தது தண்டையார்பேட்டையும் கொருக்குப்பேட்டையும் அடங்கிய இராதாகிருஷ்ணன் நகர்த் தொகுதி. அங்கே 66 பேருக்கும் மேல். வில்லிவாக்கம், தியாகராய நகர், வேளச்சேரி ஆகிய இடங்களில் 56 பேர்கூட இல்லை. உழைப்பாளிகள் நெருங்கி வாழும் வடசென்னையில் கூட்டம். பெரிய கடைகளும் அடுக்குமாடி வீடுகளும் உள்ள இடத்தில் வெறிச்சென்ற சாவடி!

காரணம் என்ன? குழாயில் தண்ணீர் வராவிட்டால் வசதியுள்ளவர் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்வார். இல்லாதவர் குடத்தோடு தெருவில் நிற்க வேண்டும்; கேட்பதற்கு அவருக்கு ஓட்டைத் தவிர வேறு பிடி இல்லை. இது எங்கள் கருத்து. ஆனால் குப்பையைக் கவனிக்கும் மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தபோது, சென்னை முழுவதிலும் நூற்றுக்கு 44 பேர்கூட வரவில்லை. இதற்கு எங்கள் கருத்து விடை சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொரு விடை எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டிலேயே கிடைத்தது. அவளுடைய பெரியப்பா பல ஆண்டுகள் தியாகராய நகரில் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் நம் ஊருக்கு வந்துவிட்டார். இங்கே பெயர் சேர்த்து, 2024இல் வெயிலில் வரிசையில் நின்று ஓட்டும் போட்டார். ஆனால் சென்னைப் பட்டியலில் அவர் பெயர் அப்படியே இருந்ததாம்! ஆக, விரலில் மையோடு வீடு திரும்பிய அதே மனிதர், சென்னைக் கணக்கில் ஓட்டுப் போடாதவர். சோம்பேறி என்று நாங்கள் சொன்னது அவரையும் சேர்த்துத்தான்.

இப்படி எத்தனை பேர்? 2025ஆம் ஆண்டின் இறுதியில் வாக்காளர் பட்டியலை வீடு வீடாகத் திருத்தினார்கள். டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் தமிழகம் முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. சென்னையில் மட்டும் சுமார் 40 லட்சத்தில் 14 லட்சம் பெயர்கள் நீக்கப்பட்டன. இறந்தவர்கள், வீடு மாறியவர்கள், இரு இடங்களில் பதிவானவர்கள் என்று காரணம் கூறப்பட்டது. அப்படியானால் நூறு பெயரில் 35 பெயர் போய்விட்டது. மீதி 65 பேரில் 54 பேர் வாக்களித்ததாக வைத்துக்கொண்டால் நூற்றுக்கு 83! கரும்பலகையில் இதைப் போட்டதும் நாங்கள் கைதட்டினோம். சிஸ்டர் கைதட்டவில்லை. "2024க்குப் பிறகு வீடு மாறியவர்களும் அந்த 35இல் இருப்பார்களே? வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆள் வந்து பார்த்து, பெயர் விடுபட்டுப் போனவர்கள்?" என்று கேட்டார்கள். அப்படி விடுபட்டவர்கள் மீண்டும் விண்ணப்பிக்க அவகாசம் தரப்பட்டது உண்மை. ஆனால் அதற்கும் ஒருநாள் கூலியை விட வேண்டுமல்லவா?

வாடகை வீடு மாறுகிறவர்களுக்கும், திருமணமாகி வேற்றூர் போகும் பெண்களுக்கும் இந்தத் தொல்லை அதிகம். எங்களுக்கும் அது தொலைவில் இல்லை. 17 வயதானதும் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். 18 ஆனதும் பெயர் சேர்ந்துவிடும். அப்போது எங்களில் பலர் சென்னையிலோ வேலூரிலோ விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருப்போம். விடுதி முகவரியிலும் பதியலாம், வீட்டு முகவரியிலும் பதியலாம், இரண்டிலும் கூடாது. எந்த ஊரில் பதிவது என்று உணவு இடைவேளையில் தொடங்கிய வாதம், மணி அடித்தும் முடியவில்லை. இதுவரை திருவண்ணாமலைக்கு 21 பேர், விடுதிக்கு 16 பேர்.