வில்லுக்கும் குடத்துக்கும் மைக் வாங்கும் முன்

கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு பேசி முடிக்கும்போதே மைக் செட்டும் பேசி முடித்துவிடுகிறார்கள். செட்காரர் மேடையில் இரண்டு மைக் வைப்பார். ஒன்று கதை சொல்லிப் பாடும் புலவருக்கு, இன்னொன்று கூடப் பாடுகிறவர்களுக்கு. வில்லுக்கும் குடத்துக்கும் தனியாக எதுவும் கிடையாது. புலவரின் மைக்கில் எவ்வளவு விழுகிறதோ அவ்வளவுதான். விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பக்கத்து ஊர்களில் பந்தலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். கதை கேட்கும், மணி கேட்கும், ஜால்ரா காதைத் துளைக்கும். குடத்தின் 'தும்' மட்டும் கேட்காது. வில்லுப்பாட்டின் நடையைத் தாங்கிப் பிடிப்பதே அந்தத் 'தும்'தான். அது இல்லாமல் கேட்கிறவர்கள் வில்லுப்பாட்டில் பாதியைக்கூடக் கேட்கவில்லை என்பேன்.

இளம் கலைஞர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். கிடாருக்கு இருப்பதுபோல, அதிர்வை நேரடியாக வாங்கும் ஒரு பிக்கப் வில்லுக்கும் வைக்கலாமா, எது மலிவு, எது நன்றாக இருக்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

உங்கள் ஊர் செட்காரர் கொண்டு வருவது குழாயா, பாக்ஸா? மரத்திலும் மின்கம்பத்திலும் கட்டுகிற குழாய் ஒலிபெருக்கி பேச்சைத் தொலைவுக்குக் கொண்டு போவதற்காகச் செய்யப்பட்டது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் எதுவும் உருப்படியாக வராது. குடத்தின் அடித்தொனி இருப்பதோ அதற்கும் கீழே. எவ்வளவு உயர்ந்த மைக் வாங்கிக் குடத்துக்கு வைத்தாலும், குழாய் வழியாக வெளியே வருவது குடக்காரர் காசால் குடத்தைத் தட்டுகிற 'டக்டக்' ஒன்றுதான். எனவே குழாய் மட்டும் கட்டுகிற ஊர்களுக்கே அதிகம் போகிற குழு என்றால், இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். மேடைக்கு இரு பக்கமும் 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பாக்ஸ் ஒவ்வொன்று வேண்டும் என்று கொடை பேசும்போதே கேட்டு வாங்குங்கள். பிக்கப்புக்குச் செலவிடுவதைவிட இதில் பலன் அதிகம்.

பாக்ஸ் உண்டு என்று வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

வில்லின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். வளைந்த வில்லின் நடுப்பகுதி குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. மேலே முறுக்கிய தோல் நாண். புலவர் வீசுகோலால் நாணை அடிக்கிறார். குடக்காரர் ஒரு கையில் பத்தி என்ற மட்டையால் குடத்தின் வாயை அறைகிறார், மறு கையில் காசால் பக்கத்தைத் தட்டுகிறார். வில் நெடுக மணிகள். அதிர்வு நாணிலிருந்து வில்லுக்கு, வில்லிலிருந்து குடத்துக்கு என்று ஓடுகிறது. மேற்கத்திய பேஞ்ஜோவின் அடிப்படையும் இதற்குத் தூரத்து உறவுதான். அங்கே கம்பியின் அதிர்வு ஒரு சிறு பாலத்தின் வழியாக இழுத்துக் கட்டிய தோலில் இறங்குகிறது. பேஞ்ஜோவுக்குச் சத்தம் ஏற்றுகிறவர்கள் படுகிற சங்கடங்கள் நமக்கும் பாடம். அதன் தோல் தானே ஒரு மைக் மாதிரி எதிரே இருக்கும் ஸ்பீக்கரின் சத்தத்தை வாங்கி ஊளையிடும். பாலத்தில் சிறிது எடை ஏறினாலும் தொனி மங்கிவிடும். சத்தத்தைக் குறைப்பதற்கென்றே பேஞ்ஜோ பாலத்தில் மாட்டுகிற மியூட் வேலை செய்வதும் அந்த எடையால்தான். நம் குழுவில் வாசிக்கும் உடுக்கையின் தோலில் எதையும் ஒட்டக்கூடாது என்பதற்கும் காரணம் இதுவே.

முதல் வழி, ஸ்டாண்டு மைக். டைனமிக் வகை, ஒரு பக்கச் சத்தத்தை மட்டும் அதிகம் வாங்குவது. உலகம் முழுக்க இதற்குச் சொல்லப்படும் பெயர் ஷூர் எஸ்எம் 57. 1965-லிருந்து விற்பனையில் இருக்கிறது. அதன் விலை நம் குழுக்களுக்குக் கட்டுப்படியாகாது. அதன் தம்பியான எஸ்எம் 58-க்குப் போலிகள் சந்தையில் ஏராளம். போலி ஷூரைவிட அசல் அஹுஜா டைனமிக் மைக் எவ்வளவோ மேல். ஒன்றிரண்டு ஆயிரத்துக்குள் முடியும், எந்தச் செட்காரரிடமும் அதற்கான வயர் இருக்கும், கீழே விழுந்தாலும் தாங்கும்.

வைக்கிற இடம்தான் முக்கியம். இந்த வகை மைக்குக்கு ஒரு குணம் உண்டு: சத்தம் பிறக்கும் இடத்துக்கு நெருங்க நெருங்கக் கீழ்த்தொனி தானே கூடும். குடத்துக்கு நமக்கு வேண்டியதும் அதுதான். குட்டை ஸ்டாண்டில், குடத்தின் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். வாய்க்கு நேர் எதிரே வைத்தால் பத்தி அறையும்போது கிளம்புகிற காற்று மைக்கில் மோதி 'பொக்பொக்' என்று கேட்கும். கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து, மைக்கின் முதுகு ஸ்பீக்கரைப் பார்க்கும்படி திருப்பிவிடுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே வில்லுப்பாட்டின் முகம் மாறிவிடும்.

வானொலியில் சுப்பு ஆறுமுகத்தின் வில்லுப்பாட்டைக் கேட்டவர்கள் குடம் அவ்வளவு நிறைவாக ஒலித்ததைச் சொல்வார்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து புறப்பட்டு, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனின் ஆதரவில் வளர்ந்து, 2021-இல் பத்மஸ்ரீ பெற்று, 2022-இல் மறைந்த பெருங்கலைஞர் அவர். ஒலிப்பதிவு அறையில் ஊளையிட ஸ்பீக்கர் கிடையாது, பக்கத்தில் மேளம் கிடையாது, வெடி கிடையாது. மைக்கைத் தள்ளி வைத்தே குடத்தை முழுதாக வாங்கலாம். பங்குனிப் பொங்கல் நடக்கும் விருதுநகர்த் தெருவிலும், சிவகாசி பத்ரகாளியம்மன் சித்திரைப் பொங்கல் கூட்டத்திலும் அது நடக்காது.

இந்த வட்டாரத்துக்கென்றே உள்ள ஒரு தொல்லை வெடி. மற்ற ஊர்களில் சாமி புறப்பாட்டுக்கு நாலு வெடி போடுவார்கள். இங்கே தயாரிக்கிறவர்களே கொண்டாடுகிறார்கள். கதையின் உச்சத்தில், மேடைக்குப் பின்னால் சரவெடி கொளுத்தினால் திறந்திருக்கும் எல்லா மைக்கும் அதை வாங்கிப் பெருக்கும். செட்காரர் பதறிப்போய் எல்லாவற்றையும் குறைப்பார். பிறகு ஏற்ற மறந்துவிடுவார். காற்றில் வருகிற சத்தத்துக்கு அவ்வளவாகக் காது கொடுக்காத ஒரு கருவி இருந்தால் எவ்வளவு நல்லது!

அப்படி ஒன்று இருக்கிறது, விலையும் மிகக் குறைவு. பீசோ தட்டு. பித்தளைத் தட்டின் மேல் வெள்ளையாக ஒரு பீங்கான் வட்டம் ஒட்டியிருக்கும். கடிகார அலாரத்திலும் பஸ்ஸரிலும் இருப்பது அதேதான். மதுரையிலோ சென்னை ரிச்சி தெருவிலோ எலக்ட்ரானிக்ஸ் கடையில் '27 எம்எம் பீசோ' என்று கேட்டால் சில பத்து ரூபாய்க்குக் கொடுப்பார்கள். வில்லோடு ஒட்டிக்கொண்டு அதன் அதிர்வை நேரடியாக வாங்கும். வெடிச்சத்தம் அதற்கு ஏறக்குறைய வெளியுலகச் செய்திதான்.

பிறகு ஏன் எல்லாரும் இதை வைப்பதில்லை? வைத்துப் பார்த்து, தகர டப்பாவைத் தட்டுவதுபோல இருக்கிறது என்று கழற்றி எறிந்துவிடுகிறார்கள். குற்றம் தட்டில் இல்லை, அதைச் செருகும் இடத்தில் இருக்கிறது. 27 எம்எம் தட்டின் கெப்பாசிட்டன்ஸ் சுமார் 20 நானோஃபாரட். ஆம்ப்ளிஃபயரின் மைக் துளையின் உள்ளீட்டு மின்தடை 2,000 ஓம் அளவில் இருந்தால், 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் போகப் போகத் தேய்ந்துவிடும். குடமும் நாணும் இருப்பது முழுக்க அங்கேதான். மிஞ்சுவது மணியும் கீச்சும். அதே தட்டை 1 லட்சம் ஓம் உள்ள உள்ளீட்டில் கொடுத்தால் அந்த எல்லை 80 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். 10 லட்சம் ஓம் என்றால் 8 ஹெர்ட்ஸ், எதுவுமே இழக்க வேண்டியதில்லை.

ஆகவே பீசோ வாங்குகிறவர் தட்டுக்கு அந்த உயர்ந்த உள்ளீட்டைக் கொடுத்து மைக் துளைக்கு ஏற்றபடி மாற்றித் தரும் டி.ஐ. பெட்டி ஒன்றையும் இடையில் வைக்க வாங்கியே ஆகவேண்டும். அதில் இரண்டு வகை. மின்சாரம் தேவைப்படாத பாசிவ் வகையில் உள்ளே ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். 1 லட்சம் ஓமுக்கு மேல் கொடுக்கும் நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்தால் வில்லுக்குப் போதும். ஆக்டிவ் வகை இன்னும் தெளிவாக இருக்கும், ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். புதிய மிக்ஸர்கள் மைக் வயர் வழியாகவே 48 வோல்ட் கொடுக்கும். ஊர்ச் செட்டுகளில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபயரில் அந்த வசதி இருக்காது. 9 வோல்ட் பேட்டரியிலும் ஓடும் பெட்டியைத்தான் வாங்க வேண்டும், கொடைக்குப் போகும்போது உபரி பேட்டரி ஒன்று பையில் இருக்கவேண்டும். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு செட் என்கிற நம் நிலைமைக்கு நான் பாசிவ் பெட்டியையே சொல்வேன். மறந்துபோக அதில் எதுவும் இல்லை. பழைய ஆம்ப்ளிஃபயருக்கு அதன் ஜாக்குக்குப் பொருந்தும் வயரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

தட்டைக் குடத்தின் மேல் ஒட்டாதீர்கள். காசு படும் ஒவ்வொரு தடவையும் ஆம்ப்ளிஃபயர் உடைந்த சத்தம் போடும். மணிகளுக்குப் பக்கத்திலும் வேண்டாம். குடம் கட்டியிருக்கும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, வில்லின் உள்பக்கத்தில் வைத்துப் பார்த்து அங்கிருந்து நகர்த்துங்கள். சித்திரை வெயிலில் இரண்டு பக்க டேப் இளகிக் கழன்றுவிடும். பஞ்சு போன்ற தடித்த டேப் அதிர்வையே தின்றுவிடும். தட்டு வில்லோடு முழுதாகப் பதியும்படி வைத்து, பருத்தி நாடாவால் இறுக்கிச் சுற்றிக் கட்டுவதே நிற்கும். ஆணி, ஃபெவிக்விக் எதுவும் வேண்டாம். மஞ்சள் குங்குமம் இட்டுக் கும்பிட்டுத் தொடங்குகிற வில் அது. புலவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வில்லில் தழும்பு விழாமல் செய்ய வேண்டும்.

காந்த பிக்கப்பை நான்கு வரியில் முடித்துவிடலாம். இரும்புக் கம்பி அதிர்ந்தால்தான் அதில் மின்சாரம் பிறக்கும். தோல் நாண் அதற்குத் தெரியவே தெரியாது. வில்லுக்கு என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். ஆனால் உங்கள் குழுவில் மாண்டலினோ புல்புல் தாராவோ இருந்தால் அதற்குக் காந்த பிக்கப்பே முதல் தேர்வு. மும்பைத் தெரு ஊர்வலங்களில் பேஞ்ஜோ என்ற பெயரில் முழங்குவது பிக்கப் வைத்த புல்புல் தாராதான். மாண்டலினின் மெல்லிய குரலைக் கர்நாடக இசை மேடைக்கு ஏற்றதாக மாற்ற யூ. ஸ்ரீனிவாஸ் எடுத்துக்கொண்டதும் எலக்ட்ரிக் மாண்டலினைத்தான். நாலு ஜோடிக் கம்பிகளை விட்டுவிட்டு ஐந்து தனிக் கம்பிகளோடு அவர் வாசித்ததை நாம் கேட்டிருக்கிறோம். இதில் ஒரே எச்சரிக்கை சீரியல் செட். ஒற்றைச் சுருள் பிக்கப் அலங்கார விளக்கு வயரின் பக்கத்திலும் ஜெனரேட்டர் பக்கத்திலும் 'ம்ம்' என்று இரையும். இரட்டைச் சுருள் உள்ள ஹம்பக்கர் வாங்கினால் அந்த இரைச்சல் பெருமளவு அடங்கும்.

சட்டையில் குத்தும் காலர் மைக்கைப் பலர் வாங்கிவிடுகிறார்கள், போயா பிஒய்-எம்1 போல. கைபேசியில் பதிவு செய்து யூடியூபில் போட அது அருமை. எல்லாத் திசையிலிருந்தும் சத்தம் வாங்குவதால் மேடையில் ஸ்பீக்கரோடு சேர்ந்தால் ஊளையிடும், வெடியையும் விடாது. பதிவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், செட்டில் சொருகாதீர்கள்.

கையில் இரண்டாயிரம்தான் இருக்கிறது என்றால் குடத்துக்கு ஒரு டைனமிக் மைக், ஒரு குட்டை ஸ்டாண்டு. வேறெதையும் யோசிக்க வேண்டாம். ஐயாயிரம் வரை போக முடிந்தால் அதோடு வில்லுக்கு பீசோவும் பாசிவ் டி.ஐ.யும். தட்டு மலிவு என்பதால் மூன்று வாங்கி, ஷீல்டு வயர் வைத்துப் பற்றவைத்து, பின்புறத்தில் சூட்டுப்பசை தடவித் தயாராக வைத்துக்கொள்ளலாம். அதற்கும் மேல் பணம் வந்தால் உடுக்கைக்கு இன்னொரு டைனமிக் மைக். உடுக்கைக்காரர் கையை ஆட்டியே வாசிப்பார், அவர் கருவியில் வயர் கட்டுவது அவரைக் கட்டிப்போடுவது. ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கிறது, மைக்கா பீசோவா என்றால், நான் மைக் பக்கம். வெடி அதிகம் உள்ள சிவகாசிக் கொடைகளே உங்களுக்குப் பிழைப்பு என்றால் மட்டும் பீசோவை முதலில் வாங்கலாம்.

வாங்கியதைச் சரிபார்க்கும் வேலையை மேடையேறிய பிறகு வைத்துக்கொள்ள நேரம் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று மாநில அரசு ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு 12 மணி வரை அனுமதி தரலாம். விடிய விடியப் பாடிய கலை இப்போது மைக்கோடு மூன்று நான்கு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. அந்த நேரம் முழுவதும் குடம் கேட்டாக வேண்டும். எனவே கூட்டம் சேரும் முன்பே சரிபார்ப்பு முடிந்திருக்கட்டும். வில்லின் வயரை சீரியல் வயரோடு சேர்த்து ஓடவிடாதீர்கள், குறுக்கே போக வேண்டுமானால் செங்குத்தாகக் கடக்கட்டும். குடக்காரரைத் தனியாகத் தட்டச் சொல்லிவிட்டு, குழுவில் ஒருவர் கடைசி வரிசைக்குப் போய் நின்று கேட்கட்டும். பேஸ் குமிழை அங்கே நிற்பவர் சொல்கிறபடி திருப்புங்கள். பிறகு புலவர் நாணை அடிக்கட்டும். மணிச்சத்தம் மேலே ஏறினால் தட்டைக் குடத்தின் பக்கம் இரண்டு விரல் நகர்த்துங்கள். காசுச் சத்தம் ஏறினால் இரண்டு விரல் வெளியே.