வெள்ளீயக் கரையில் ஒரு டிசம்பர் நடை

இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலில், செயின்ட் ஜஸ்ட் ஊரிலிருந்து பென்டீன் வரை நண்பர்கள் நான்கு பேர் கடலோரமாக நடந்தோம். ஒரு காலத்தில் வெள்ளீயமும் செம்பும் தோண்டிய பூமி அது. 2006இல் கார்ன்வால் சுரங்க நிலப்பரப்பு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே நாங்கள் கற்றுக்கொண்டவை இவை.

சீக்கிரம் கிளம்புங்கள். டிசம்பர் கடைசியில் நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பதினொரு மணிக்குப் புறப்பட்ட நாங்கள், கடைசித் தூரத்தைக் கைபேசி வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறிக் கடந்தோம். காலை ஒன்பது மணிக்கே நடக்கத் தொடங்குங்கள். டார்ச்சும் கட்டாயம் வேண்டும்.

பாதையை விட்டு இறங்காதீர்கள். வழியில் உள்ள பொட்டாலக்கில், பாறை விளிம்பில் நிற்கும் இரண்டு பழைய சுரங்க எந்திரக் கட்டடங்களைப் படமெடுக்க, நண்பர் ஒருவர் காய்ந்த புதருக்குள் நுழைந்தார். நாங்கள் கத்தி அழைத்தோம். திரும்பிய பிறகுதான் பக்கத்தில் இருந்த வட்டமான கற்சுவர் எங்கள் கண்ணில் பட்டது. அப்படிப்பட்ட சுவருக்குள்ளே பழைய சுரங்கக் குழி இருக்கும். சில குழிகளைக் கூம்பு வடிவக் கம்பிவலையால் மூடியிருக்கிறார்கள், வௌவால்கள் போய்வர வழிவிட்டு. சுவரோ வலையோ கண்டால் விலகி நடங்கள்.

கை கழுவாமல் சாப்பிடாதீர்கள். இங்கே வெட்டிய தாதுவில் ஆர்செனிக்கும் கலந்திருந்தது. தாதுவை வறுத்து, அந்தப் புகையை வளைந்து வளைந்து செல்லும் கல் அறைகளுக்குள் விடுவார்கள். சுவரில் படியும் வெள்ளை நஞ்சை ஆட்கள் உள்ளே போய்ச் சுரண்டி எடுப்பார்கள். அந்த அறைகள் இன்றும் பொட்டாலக்கில் நிற்கின்றன. சுரங்கக் கழிவுக் குவியல்மேல் உட்கார்ந்து உணவுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

காற்றுக்குத் தயாராகப் போங்கள். குளிரைவிட அட்லாண்டிக் காற்றுதான் ஆளை வாட்டும். காற்றும் மழையும் புகாத மேல்சட்டை, கணுக்கால் மூடிய காலணி, மாற்றுக் காலுறை மூன்றும் அவசியம்.

வரலாற்றைப் படித்துவிட்டுப் போங்கள். இதே பாதையில் உள்ள லெவன்ட் சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்க, மேலும் கீழும் அசையும் ஒரு நீண்ட தண்டு இருந்தது. அதில் பொருத்திய படிகளிலும் குழியின் பக்கவாட்டு மேடைகளிலும் மாறி மாறி நின்று மேலே வருவார்கள். 1919 அக்டோபர் 20 அன்று, வேலை முடிந்து ஏறிக்கொண்டிருந்தபோது தண்டின் மேல் இணைப்பு முறிந்தது. 31 பேர் இறந்தார்கள்.

அங்கே எங்கள் நண்பர் ஒருவர் வெகுநேரம் பேசாமல் நின்றார். அவருடைய தாத்தா கோலார் தங்கவயல் தொழிலாளி. 1880இல் ஜான் டெய்லர் என்ற சுரங்க நிறுவனம் அந்த வயலுக்கு வந்த பிறகு, கார்ன்வால் சுரங்கக்காரர்களும் கோலாருக்குப் போனார்கள். நம் ஊர்களிலிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழர்கள் அந்தக் குழிகளுக்குள் இறங்கினார்கள். “தாத்தா மேலே ஏறிட்டார்னு தெரிஞ்ச பிறகுதான் பாட்டி சோறு வடிப்பாங்களாம்” என்றார் நண்பர்.

லெவன்ட்டில் விழுந்தவர்களும் வீட்டுக்குக் கிளம்பியவர்கள்தான். அதன்பிறகு யாரும் அவசரப்படவில்லை. இருட்டிய பாதையில் ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து, நான்கு பேரும் ஒன்றாகப் பென்டீன் போய்ச் சேர்ந்தோம்.