தொட்டிச் சுவரில் முறிந்த மரைத் துண்டை எடுக்கும் முறை

பல்லடம் வட்டாரத்தில் மழை குறைவு, கிணறுகளோ ஆழம். மோட்டாரால் ஏற்றிய நீரைச் சிமெண்டுத் தொட்டியில் தேக்கியே தோட்டத்திற்கும், கால்நடைகளுக்கும், கோழிக் கொட்டகைகளுக்கும் விடுகின்றோம். கோடை உச்சியில் கறிக்கோழிகளுக்குச் சில மணி நேரம் தண்ணீர் தடைப்பட்டாலும் பெரு நஷ்டம் நேரிடும். ஆதலால், தொட்டியின் சிறு பழுதையும் அற்பமென்று எண்ணலாகாது.

அப்பழுதுகளில் ஒன்று, சுவரில் திருகிய குழாய் மரையோடு முறிந்து, துண்டு உள்ளே தங்கிவிடுவது. நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு கிராமத்தில், அவ்வாறு முறிந்த துண்டை எடுக்க உளியால் சுவரையே கொத்தினார்கள். துண்டு வந்தது, ஆனால் சுவரில் பதித்திருந்த சாக்கெட்டும் அசைந்து, சிமெண்டு விரிசல் கண்டது. அரைநாள் வேலை ஆறு நாள் வேலையாயிற்று. அதுவரை விலைக்குத் தண்ணீர் வாங்கிக் கோழிகளைக் காத்தனர்.

இதிலிருந்து அங்கத்தினர்கள் அறியவேண்டுவது ஒன்றே: முறிந்த துண்டு போகவேண்டிய பொருள், சாக்கெட்டு காக்கவேண்டிய பொருள். பலம் முழுவதும் துண்டின்மீதே செல்லவேண்டும்.

செய்யும் முறை வருமாறு:

1. மோட்டாரை நிறுத்திப் பியூஸைக் கழற்றுக. நீரைத் துவாரத்திற்குக் கீழே இறக்குக.

2. படிந்த உப்பைக் கம்பிப் பிரஷ்ஷினால் தேய்த்து நீக்குக. இரும்புத் துண்டாயின் மரை ஓரத்தில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுக. பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் வேண்டா.

3. துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பைப் ரிஞ்சினால் பிடித்து இடப்புறமாகத் திருகுக. உள்ளடங்கியிருந்தால், உள்ளிருந்து கவ்வும் எக்ஸ்ட்ராக்டர் என்னும் கருவியைச் செலுத்தி அவ்வாறே திருகுக. சாக்கெட்டும் கூடவே அசைவதாகத் தோன்றினால் உடனே நிறுத்துக.

4. அதற்கும் இணங்காவிடில், ரம்பத் தகட்டினால் துண்டின் உட்புறத்தில் அருகருகே இரண்டு கோடுகள் அறுக்க. சாக்கெட்டின் மரையைத் தொடுமுன் அறுப்பதை நிறுத்துக. இடையிலுள்ள பட்டையைச் சிறு உளியால் உள்நோக்கி மடக்கி எடுத்தால், மீதித் துண்டு தளர்ந்துவிடும். பொறுமையே இங்குப் பிரதானம்.

5. மரையைத் துடைத்து நன்றாகக் கழுவுக. புதுக் குழாயின் முனையைத் தம்மை நோக்கிப் பிடித்து, டெப்லான் நாடாவை வலப்புறமாகச் சுற்றி, முதலில் கையாலேயே திருகுக.

நீச்சல் குளச் சுவரிலும் முறை இதுவே. ஆயினும் மரைக் கணக்கை அறிந்து வாங்குதல் அவசியம். நம் கடைகளில் கிடைக்கும் 1 அங்குலக் குழாய்க்கு அங்குலத்திற்கு 11 மரைகள். 1841-இல் இங்கிலாந்தில் விட்வொர்த் என்பார் வகுத்த மரை முறையின் வழியில் வந்தது இது. அமெரிக்க அளவுக் குளச் சாமான்களுக்கோ 11½ மரைகள். வித்தியாசம் அரைதானே என்று வலிந்து முறுக்கினால் இரண்டும் கெடும். எடுத்த துண்டைக் கடைக்குக் கொண்டுசென்று ஒப்பிட்டு வாங்குக.

மீண்டும் முறியாதிருக்க வழி என்ன? மரை வெட்டிய இடத்தில் குழாயின் கனம் குறைகிறது. நீர் நிறைந்த குழாயின் பாரமும் மோட்டாரின் அதிர்வும் அவ்விடத்தையே தாக்குகின்றன. ஆகவே, சுவரை ஒட்டிக் குழாய்க்கு ஒரு தாங்குகல் கொடுத்தல் நலம்.

எக்ஸ்ட்ராக்டர் எப்போதோ ஒருநாள் வேண்டப்படும் கருவி. வீட்டுக்கொன்று வாங்குதல் வீண்செலவு. சங்கத்தில் ஒன்று, பைப் ரிஞ்சுடனும் சில உதிரிக் குழாய்த் துண்டுகளுடனும் வாங்கிவைத்து, எடுத்தவர் பெயரைப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்து வாங்கினால் ஊர் முழுவதற்கும் போதும். அடுத்த கூட்டத்தில் இதனைத் தீர்மானத்திற்குக் கொண்டுவருவீர்களாக.