ஓவியத்தில் உறையும் ஊர்

ஓவியம் கண்ணுக்கு விருந்து மட்டுமன்று. ஒரு காலத்தின் ஆவணமும் ஆகும். ஓவியர் எதை வரைந்தார் என்பதோடு, எதை வரையாமல் விட்டார் என்பதையும் காணக் கற்றவருக்கே அவ்வாவணம் முழுப்பொருள் தரும். பிரான்சு நாட்டு ஓவியம் ஒன்றை அவ்வாறு அணுகுகிறது இப்பாடம்.

குன்றும் குடியிருப்பும்

பாரிஸ் மாநகரின் வடபகுதியில் உயர்ந்து நிற்கும் குன்று மோன்மார்த்ர். திராட்சைத் தோட்டங்களும் ஜிப்சம் சுரங்கங்களும் மாவரைக்கும் காற்றாலைகளும் கொண்ட சிற்றூராக இருந்த அது, 1860ஆம் ஆண்டு பாரிஸுடன் இணைக்கப்பட்டது. அக்காலத்தில் நகரின் நடுவே பழைய தெருக்கள் இடிக்கப்பட்டு அகன்ற சாலைகள் அமைந்தன, வாடகை உயர்ந்தது, உழைக்கும் மக்கள் பலர் நகரின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். வாடகை குறைந்த மோன்மார்த்ரில் தையற்பெண்களும் சலவைத் தொழிலாளரும் வாழ்ந்த தெருக்களிலேயே வறிய ஓவியர்களும் கவிஞர்களும் குடியேறினர். சமூக வழக்கங்களுக்குக் கட்டுப்படாமல் கலையே வாழ்வெனக் கொண்ட அவர்கள் 'போகிமியர்' எனப்பட்டனர்.

ஞாயிறு பிற்பகல்

அக்குன்றின் காற்றாலை ஒன்றையொட்டி நடனத் தோட்டம் ஒன்று இருந்தது. அங்கு விற்ற 'கலெத்' என்னும் தட்டையான பண்டத்தின் பெயராலேயே அவ்விடம் 'மூலான் தெ லா கலெத்' என வழங்கியது. 'மூலான்' என்பது ஆலையைக் குறிக்கும். ஞாயிறுதோறும் உழைப்பாளிகள் அங்குக் கூடி ஆடி மகிழ்ந்தனர். அக்காட்சியை 1876இல் ஓவியமாக்கினார் ரெனுவார். இதற்கென அருகிலிருந்த கோர்த்தோ தெருவில் வாடகைக்கு இடம்பிடித்தார். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போருள் அவருடைய நண்பர்களும் உள்ளனர்.

மரக்கிளைகளின் ஊடே வடியும் வெயில், ஆடைகள்மீதும் தரைமீதும் திட்டுத்திட்டாக விழுகிறது. கருங்கோடுகளால் உருவங்களை வரையறுக்காமல், வண்ணத் தீற்றல்களாலேயே அவ்வொளியைக் காட்டினார் ரெனுவார். ஒரு நொடியின் ஒளியைப் பற்றிப்பிடிக்கும் இம்முறையைக் கையாண்டோர் மனப்பதிவுவாத ஓவியர் எனப்பட்டனர். அவர்களது மூன்றாம் கண்காட்சியில், 1877இல், இவ்வோவியம் இடம்பெற்றது.

பெயரில் உண்டு, படத்தில் இல்லை

ஓவியத்தின் பெயரில் ஆலை உண்டு. ஓவியத்தில் ஆலை இல்லை. 1875இல் அடிக்கல் நாட்டப்பட்ட திருஇருதயப் பேராலயமும் இல்லை. காணப்படாத இன்னொன்றும் உண்டு. 1871 மார்ச் 18 அன்று, இக்குன்றிலிருந்த பீரங்கிகளைக் கைப்பற்ற வந்த அரசுப் படையை மக்கள் எதிர்த்தனர். பாரிஸ் கம்யூன் எழுச்சி தொடங்கியது. மே மாத இறுதியில் அது குருதி சிந்த ஒடுக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்குப்பின் இத்தோட்டத்தில் ஆடிய பலர் அந்நாள்களைக் கண்டவர்களாகவே இருந்திருப்பர். ரெனுவார் வரைந்தது துயரமறியாதவர்களின் களிப்பன்று. துயரத்தைக் கடந்தவர்களின் ஓய்வு என்றே கொள்ளத் தோன்றுகிறது.

ரெனுவார் விட்ட காற்றாலையை வின்சென்ட் வான்கோ வரைந்தார். 1886இல் தம்பி தியோவுடன் இங்குக் குடியேறிய அவர், ஆலைகளையும் சரிவிலிருந்த காய்கறித் தோட்டங்களையும் தீட்டினார். இருவர் ஓவியங்களையும் அடுத்தடுத்து நோக்கினால், குன்றின் அகமும் புறமும் விளங்கும்.

எஞ்சி நிற்பவை

1904இல் பிக்காசோ, 'சலவைப் படகு' எனப் பொருள்படும் பெயர்கொண்ட பழைய கட்டடத்தில் குடியேறினார். நாளடைவில் கலைஞர்களால் குன்று புகழ்பெற்றது, புகழ் பயணிகளை அழைத்துவந்தது, வாடகை ஏறியது. கலைஞர் பலர் நகரின் தென்பகுதியிலுள்ள மோன்பர்னாசுக்குச் சென்றனர். வறுமை சேர்த்தவர்களை வளமை பிரித்தது.

சலவைப் படகு 1970இல் தீக்கிரையானது. ரெனுவார் தங்கிய கோர்த்தோ தெரு இல்லம் இன்று மோன்மார்த்ர் அருங்காட்சியகம். காற்றாலை இன்றும் நிற்கிறது. ஆடியவர்களின் ஞாயிறு மட்டும், பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில், அத்திரையில் எஞ்சியிருக்கிறது. கட்டடங்கள் ஓர் ஊரின் உருவைக் காக்கின்றன. அதன் வாழ்வைக் காப்பது கலை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரின் பழைய ஓவியம் அல்லது ஒளிப்படம் ஒன்றைத் தேர்ந்து, அதில் இருப்பனவற்றையும் இல்லாதனவற்றையும் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.