வாப்பாவின் கொப்பியும் மத்திய வங்கிகளின் கணக்கும்

என் வாப்பா தவணைக்கு உடுப்பு விற்பவர். எங்கள் வீடு யாழ்ப்பாணம் சோனகத் தெருவில். ஆனால் அவருடைய வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கீரிமலை, மாவிட்டபுரம், காங்கேசன்துறைப் பக்கத்துக் கடற்றொழில் குடும்பங்கள். மோட்டார் சைக்கிளின் பின்னால் சாரமும் சட்டைத் துணியும் கட்டிய பொதி, சட்டைப் பையில் நீல மட்டைக் கொப்பி. யாருக்கு என்ன கொடுத்தார், யார் எவ்வளவு கட்டினார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அந்தக் கொப்பியின் வரவுப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் ஏற்றிவைக்கப்பட்டிருந்தன. கடலுக்குப் போகாதவர் தவணை கட்டுவது எப்படி? வாப்பா யாரையும் நெருக்கவில்லை. ஆனால் ஒருநாள் இரவு, கொழும்பில் தனக்குத் துணி கொடுக்கும் மொத்த வியாபாரியிடம், "ரெண்டு மாசம் பொறுங்க நாநா" என்று அவர் தொலைபேசியில் கேட்டது என் காதில் விழுந்தது. அவரும் பொறுத்தார். இதே வாசகத்தை அதே ஆண்டில் நம் நாட்டு மத்திய வங்கியும் அயல்நாட்டு மத்திய வங்கிகளிடம் சொல்லியிருந்தது என்பது உயர்தர வகுப்பில் பொருளியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

முதலில், மண்ணெண்ணெய் ஏன் வரவில்லை? எண்ணெய் வாங்க டொலர் வேண்டும். நாட்டின் கையிருப்பு டொலரை வெளிநாட்டு ஒதுக்கு என்கிறோம். இதை விளக்க யாழ்ப்பாணத்துக் கிணற்றைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. மழை கொடுப்பதைவிட அதிகமாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். மதிலுக்கு அப்பால் கடல் இரைய, இப்பால் மக்கள் நீராடும் கீரிமலைக் கேணியைப் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டு தண்ணீரும் எவ்வளவு நெருக்கம் என்பது விளங்கும். 2019 இறுதியில் இலங்கையின் ஒதுக்கு ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலர். கடன் தவணைகள், கொவிட் காலத்தில் நின்றுபோன சுற்றுலா வருமானம், ரூபாயைச் செயற்கையாகத் தாங்கிப் பிடித்தமை எல்லாமாக அதை இறைத்துவிட்டன. 2022 மே மாதத் தொடக்கத்தில், பயன்படுத்தக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்று அன்றைய நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னார்.

இந்த இடத்தில்தான் ஆசிய தீர்ப்பனவு ஒன்றியம் வருகிறது. 1974இல் உருவான இதன் தலைமையகம் தெஹ்ரானில் இருக்கிறது. இலங்கை, இந்தியா, ஈரான், பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் ஆகியவை தொடக்க உறுப்பினர்கள். மியன்மார், பூட்டான், மாலைதீவு பின்னர் சேர்ந்தன. இது வேலை செய்யும் விதம் வாப்பாவின் கொப்பியேதான். ஒரு பேச்சுக்கு, நாம் இந்தியாவுக்கு 90 டொலர் கொடுக்க வேண்டும், பங்களாதேஷ் நமக்கு 30 டொலர் தர வேண்டும் என்று வைப்போம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் டொலரை அனுப்பாமல் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கழித்துப் பார்த்து, மிஞ்சிய 60 டொலரை மட்டும் கட்டினால் போதும். டொலர் அருமையான நாடுகளுக்கு இது பெரிய ஆறுதல். 2022 தொடக்கத்தில் இலங்கை அந்த மிச்சத்தையும் கட்ட முடியாமல் நின்றபோது, 500 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட கொடுப்பனவை இந்திய ரிசேர்வ் வங்கி இரண்டு மாதம் தள்ளிவைத்தது. பின்னர் தவணை மேலும் நீடிக்கப்பட்டது.

இரண்டாவது வழி நாணயப் பரஸ்பர பரிமாற்றல். நாம் ரூபாயைக் கொடுத்து டொலர் வாங்குகிறோம். குறித்த காலம் முடிய, முன்பு பேசிய அதே விலையில் டொலரை வட்டியோடு திருப்பிக் கொடுத்து ரூபாயை மீட்கிறோம். நகையை ஈடு வைப்பது போலத்தான். 2022 ஜனவரியில் சார்க் நாடுகளுக்கான ஏற்பாட்டின் கீழ் இந்திய ரிசேர்வ் வங்கி 400 மில்லியன் டொலர் தந்தது. அதற்கு முன்னரே, 2021இல், பங்களாதேஷ் வங்கி மூன்று கட்டமாக 200 மில்லியன் தந்திருந்தது. பங்களாதேஷ் இன்னொரு நாட்டுக்குக் கடன் கொடுத்தது அதுவே முதல் தடவை. ஒரு காலத்தில் உலகமே இரக்கத்தோடு பார்த்த நாடு அது என்பதை நினைத்தால், இந்தப் பாடத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்த செய்தி அதுதான்.

சீனாவின் கதை வேறு. 2021 மார்ச்சில் சீன மக்கள் வங்கி 10 பில்லியன் யுவானுக்கு, அதாவது ஏறத்தாழ 1.5 பில்லியன் டொலருக்கு, உடன்பட்டது. தொகை பெரிது. ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதிய ஒதுக்கு இருந்தால்தான் அதைச் செலவழிக்கலாம் என்பது நிபந்தனை! ஆகவே அது கணக்கில் இருந்தது, கையில் இல்லை. 2022 ஏப்ரலில் நம் ஒதுக்கு 1.8 பில்லியன் அளவில் என்று அறிவிக்கப்பட்டபோது அதில் பெரும்பகுதி இந்தத் தொட முடியாத பணம்தான். ஒரு நாட்டின் ஒதுக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அதில் எடுக்கக்கூடியது எவ்வளவு என்றும் கேட்க வேண்டும் என்பதை எங்கள் ஆசிரியை இதை வைத்தே சொல்லித்தந்தார்.

கிழக்காசிய நாடுகள் இதைவிட முன்னே போய்விட்டன. 1997 ஜூலை 2ஆம் திகதி தாய்லாந்தின் பாத் சரிந்து, அந்த நெருக்கடி இந்தோனேசியா, மலேசியா, தென்கொரியா என்று பரவியபின், ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான், தென்கொரியாவும் 2000ஆம் ஆண்டு சியாங் மாய் நகரில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. அது இன்று 240 பில்லியன் டொலர் கூட்டு ஏற்பாடு. 2012இல் தொடங்கிய சார்க் ஏற்பாடு 2 பில்லியன்தான், அதுவும் இந்தியா மட்டுமே கொடுப்பது. ஒருவர் மட்டும் கொடுப்பவராக இருக்கும் ஏற்பாட்டை முழுமையான ஒத்துழைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அயலாரின் இந்த உதவிகளால் நெருக்கடி தீர்ந்துவிட்டது என்றும் எழுத முடியாது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நாடு இடைநிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது 2023 மார்ச்சில்தான். அயலார் தந்தது அதுவரை மூச்சுப்பிடிக்கும் அவகாசம். அதற்கிடையில், 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. எண்ணெய் வந்தும் கீரிமலையில் சில படகுகள் இறங்கவில்லை என்று வாப்பா சொன்னார்.

பங்களாதேஷின் 200 மில்லியனில் கடைசிப் பகுதியை இலங்கை 2023 செப்டெம்பரில் கட்டி முடித்தது. பல தடவை தவணை நீடித்துக் கேட்டுத்தான். அந்த நேரத்தில் பங்களாதேஷுக்கும் டொலர் தட்டுப்பாடு வந்திருந்தது. வாப்பா கொழும்பு நாநாவின் கணக்கை அதற்குச் சில மாதங்கள் முன்பே தீர்த்துவிட்டார். அவருடைய கொப்பியில் கீரிமலைப் பக்கத்துப் பெயர்கள் இரண்டு இன்னும் வெட்டப்படாமல் இருக்கின்றன. கேட்டால், "மீன் படட்டும் மகள்" என்கிறார்.