தேயிலைச் சரக்கை அறிந்து விற்போம்

அரிசி, பருப்பு, மிளகாய் என்றால் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லிவிடுகிறோம். டீத்தூள் என்றால் மட்டும் பாக்கெட்டின் பெயரைப் பார்த்து வாங்கி, அதே பெயரைச் சொல்லி விற்கிறோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் டீத்தூள் வாங்காத வீடு அரிது. தினமும் நகரும் இச்சரக்கைப் பற்றி நாம் அறிய வேண்டியவை சில.

பெயர் வந்த வழி

சீனத்தின் தென்கடற்கரையில் ஹொக்கியன் மொழி பேசுவோர் இதனைத் 'தே' என்றனர். டச்சு வணிகர்களின் கப்பல்கள் போன இடமெல்லாம் அப்பெயரும் போயிற்று. நம் பெரியவர்கள் பிரெஞ்சில் சொன்ன 'தே', ஆங்கில 'டீ', நமது 'தேயிலை' எல்லாம் ஒரே வேர். நிலவழியே போன பெயர் 'சாய்' ஆயிற்று. இலங்கையில் 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரை தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார். பின்னர் அத்தொழிலை வளர்த்தது தமிழர் உழைப்பே.

செடி ஒன்று, வகை பல

கறுப்புத் தேயிலை, பச்சைத் தேயிலை, சீனத்து ஊலாங் மூன்றும் ஒரே செடியின் இலைகள். பறித்த இலையை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்துப் பதம் மாற்றி உலர்த்தினால் கறுப்பு. பதம் மாறாதபடி உடனே சூடேற்றி உலர்த்தினால் பச்சை. பாதியில் நிறுத்தினால் ஊலாங்.

நம் பக்கம் அதிகம் போவது சி.டி.சி. முறையில் நறுக்கிச் சுருட்டிய டஸ்ட் டீ. பை மேல் உள்ள பி.டி., ஆர்.டி., எஸ்.ஆர்.டி. என்ற எழுத்துகள் டஸ்டின் ரகங்களைக் குறிப்பவை. டஸ்ட் விரைவில் சாறு இறங்கும். பாலுக்குத் திடம் தரும். பெரிய இலைக்கு மணம் அதிகம். கோப்பைக்கு 2 முதல் 2.5 கிராம் என்று கொண்டால் 1 கிலோவில் 400 முதல் 500 கோப்பை வரும். டீக்கடைக்காரரிடம் கிலோ விலையைச் சொல்வதைவிடக் கோப்பைக் கணக்கைச் சொல்லுங்கள்.

பச்சைத் தேயிலை கேட்போருக்கு, கொதிக்க விடாமல் சற்று ஆறிய வெந்நீரில் 2, 3 நிமிடம் ஊற வைக்கச் சொல்லுங்கள். பாலில் போட்டுக் கொதிக்க வைத்துவிட்டு, கசக்கிறது என்று நம் கடையைக் குறை சொல்பவர் உண்டு.

தேயிலை அல்லாத பானங்கள்

எகிப்தில் புளிச்சை இனச் செடியின் சிவந்த புல்லிதழை ஊற வைத்து 'கர்கடே' என்று பருகுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 'ரூய்போஸ்', ஐரோப்பாவில் சாமந்தி இனத்துக் 'காமோமில்', தென் அமெரிக்காவில் 'மாத்தே'. பிரெஞ்சுக்காரர்கள் மூலிகை ஊறலைத் 'தே' என்னாமல் 'திசான்' என்பர். நமக்கோ சுக்குமல்லி, துளசி, ஆவாரம்பூ, செம்பருத்தி. இவற்றில் பல நம் கடையில் ஏற்கெனவே உள்ள சரக்கு. சுத்தம் செய்து பொட்டலம் கட்டினால் நல்ல லாபம்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. 2011-ம் ஆண்டு உணவுத் தர விதிகளின்படி 'தேயிலை' என்பது தேயிலைச் செடியிலிருந்து வந்தது மட்டுமே. எனவே மூலிகைப் பொட்டலத்தில் மூலிகையின் பெயரையே எழுதுங்கள். 'சர்க்கரை நோய் தீரும்' என்று அட்டை தொங்கவிடுவது 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கலப்படமும் ரசீதும்

காய்ச்சி எறிந்த சக்கையை உலர்த்திச் சாயமேற்றி விற்பவர்கள் இருக்கிறார்கள். விலை மலிவு என்று ரசீதில்லாமல் வாங்கினால் பழி நம் தலையில்தான் விழும். வடிதாளில் சிறிது தூளைப் பரப்பி நீர் தெளியுங்கள். பிறகு குழாய் நீரில் தாளைக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். தாளில் உடனே சாயக்கறை படிந்திருந்தால் சரக்கை ஏற்காதீர்கள். காந்தத்தைத் தூளின் மேல் காட்டினால் இரும்புத்தூள் ஒட்டிக் காட்டிக்கொடுக்கும்.

2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மொத்த வியாபாரி தரும் பில்லே சரக்கின் தரத்துக்கான உத்தரவாதமாகும். உரிமம் பெற்றவரிடம் வாங்கிய பில் கையிலிருந்தால் நம் நியாயத்தை எடுத்துச் சொல்ல வழியுண்டு; இல்லையேல் வழியில்லை. பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

சேமிப்பு

தேயிலை பிற வாசனையை இழுத்துக்கொள்ளும். பெருங்காயம், கற்பூரம், சோப்பு, ஊதுவத்தி, கருவாடு ஆகியவற்றின் அருகில் வைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பை ஈரம் வாங்கும். இறுக மூடிய டின்னில் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். பழைய சரக்கு முன்னே, புதியது பின்னே.

வாடிக்கையாளர் நம் தராசை நம்பி வருகிறார். தராசில் வைக்கும் சரக்கையும் நம்பி வரும்படி செய்வோம்.